முனீஸ்வரி பெயரில் வந்த விருது

திங்கட்கிழமை காலை கம்பெனி கேட்டில் கட்டியிருந்த ஃபிளெக்ஸில் தன் மகளின் முகத்தைப் பார்த்தபோது காசிமாயனுக்கு வந்தது பெருமை இல்லை, பயம். பெற்ற பிள்ளைக்கு ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள் என்றால் எந்தத் தகப்பனும் ஏதாவது சாக்குச் சொல்லி அந்த வழியாக நாலு தடவை போய்வருவான். இந்த மனுஷன் வண்டியை விட்டு இறங்கவும் தோன்றாமல் கேட்டுக்கு நடுவில் நின்றுகொண்டு, பின்னால் வந்த கம்பெனி பஸ்காரனிடம் திட்டு வாங்கினான்.

எட்டடி ஃபிளெக்ஸ். முதலாளி திருமூர்த்தி கும்பிட்டபடி நின்றார். அவருக்கு மேலே காலஞ்சென்ற அவருடைய தகப்பனார். இரண்டு பேரும் எடுத்துக்கொண்டது போக மிச்சமிருந்த இடத்தில் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். 'சிறந்த பதின்ம வயது நடிகை விருதின் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியிருக்கும் எங்கள் நிறுவனத்தின் செக்கிங் பிரிவுச் செல்வி கா. முனீஸ்வரிக்கு நல்வாழ்த்துகள்.' அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. காசிமாயனுக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஆனால் அந்த வரியில் பதினெட்டு என்று எண் போட்டிருந்தது. அது எந்த மொழியில் எழுதினாலும் பதினெட்டுதான்.

அவன் பயத்துக்குக் காரணம் இதுதான். ஃபிளெக்ஸில் சிரிப்பவள் முனீஸ்வரி இல்லை. முனீஸ்வரி அவனுடைய மூத்த மகள். இருபத்தொரு வயது. வெள்ளகோவிலில் கட்டிக்கொடுத்து, இடுப்பில் ஒரு பிள்ளையோடு இருக்கிறாள். இந்தச் சிரிப்புக்குச் சொந்தக்காரி இளையவள் அனுசுயா. வயது பதினாறு.

காசிமாயன் உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவன். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இந்தப் பனியன் கம்பெனியில் பதினேழு வருஷமாக அயர்ன் மாஸ்டர். அவன் மனைவி சின்னத்தாயும் இங்கேதான் செக்கிங்கில் இருந்தாள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், அனுசுயா பத்தாவது எழுதி முடித்த கோடையில், சின்னத்தாய்க்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனது. இனி நின்று வேலை பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அம்மா நின்ற இடத்தில் மகள் நின்றால் என்ன என்று காசிமாயனுக்குத் தோன்றியது. ஒரு வருஷம்தான், அப்புறம் பிளஸ் ஒன் சேர்த்துவிடலாம் என்று அவனே அவனுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டான்.

ஆனால் பதினெட்டு முடியாதவர்களை உள்ளே விடவே கூடாது என்பது, இந்தக் கம்பெனியிடம் சரக்கு எடுக்கிற வெளிநாட்டு வியாபாரிகளின் கண்டிப்பு. அதனால் காசிமாயன் ஒரு காரியம் செய்தான். வெள்ளகோவிலுக்குப் போன் போட்டு, ரேஷன் கார்டுக்கு வேண்டும் என்று சொல்லி, மூத்தவளின் ஆதார் அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். அதை ஜெராக்ஸ் எடுத்து இளையவள் கையில் கொடுத்து வேலைக்குக் கூட்டிவந்தான். ஆதார் அட்டையில் இருக்கிற மூஞ்சி யாருக்கும் சொந்த மூஞ்சி மாதிரி இருப்பதில்லை; அது அவனுக்கு வசதியாகப் போயிற்று. அன்றைக்கே வீட்டில் ஒரு சட்டமும் போட்டான். கம்பெனியில் வாய் தவறிவிடக் கூடாது, ஆகவே வீட்டிலும் அவள் முனீசுதான். சின்னத்தாய் இரண்டு நாள் முனகினாள். அப்புறம் அவளுக்கும் பழகிவிட்டது.

இப்படியே பதினெட்டு வயதைத் தாண்டிக் கரையேறியிருப்பார்கள். நடுவில் சினிமா வந்து கெடுத்தது.

அருள்குமார் என்று ஒரு பையன், முதலாளிக்கு ஒன்றுவிட்ட தங்கை மகன், படம் எடுக்கிறேன் என்று வந்தான். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் கதை. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கேயே கேமராவை வைத்து எடுத்தான். நடிக்க வந்த மெட்ராஸ் பெண்ணுக்குத் தைத்த பனியன் பீஸைப் புரட்டி, ஓட்டை பார்த்து, பிசிறு வெட்டத் தெரியவில்லை. செக்கிங் டேபிளில் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு நடிக்கிறாயா என்று அவன் அனுசுயாவைக் கேட்டான். பெயர் கேட்டபோது சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றதால் அவள் முனீஸ்வரி என்று சொன்னாள். கதையில் வரும் பெண்ணுக்குப் பதினைந்து, உனக்கு எத்தனை என்று அவன் தனியாகக் கேட்டபோது, எங்கே வாய்ப்பு போய்விடுமோ என்ற ஆசையில் உள்ளதைச் சொல்லிவிட்டாள். பெயர் ஒருத்தியுடையது, வயது இன்னொருத்தியுடையது என்று அந்தப் பையன் நோட்டில் ஏறிப்போனது அப்படித்தான்.

படத்தில் ஒரு இடம் வரும். அந்தப் பெண்ணுக்குத் தகப்பன் செத்துப்போன சேதி வரும். சரக்கு டெம்போ கிளம்புவதற்குள் பீஸ் முடிய வேண்டும் என்பதால், அவள் யாரிடமும் சொல்லாமல் பிசிறு வெட்டிக்கொண்டே இருப்பாள். அழமாட்டாள். கை மட்டும் வரவர வேகமாகும். ஒரு கல்யாண மண்டபத்தில் திரை கட்டிப் போட்டுக் காட்டினார்கள். தான் உயிரோடு உட்கார்ந்துகொண்டே தன் சாவுக்கு மகள் படுகிற பாட்டைப் பார்க்க முடியாமல் காசிமாயன் எழுந்து வெளியே போய்விட்டான். பெண் நன்றாக நடித்திருந்தாள். அதில்தான் வினையே.

"ஏனுங்க காசி, பாத்தீங்களா?" முதலாளி திருமூர்த்தி அயர்ன் செக்‌ஷனுக்கே வந்துவிட்டார். "வியாழக்கிழமை ஆடிட்டுக்கு வர்றவங்க கேட்டுல கால் வைக்கறப்பவே கண்ணுல படோணும்னுதான் அங்க கட்டச் சொன்னேன். தொழிலாளிய நாம எப்படி வச்சிருக்கறோம்னு தெரியட்டும்."

வியாழக்கிழமை ஆடிட். அதாவது, இங்கே சின்னப் பிள்ளைகள் யாரும் வேலை பார்க்கிறார்களா என்று மூலை முடுக்கெல்லாம் தேடுவதற்கென்றே வருகிற ஆட்கள். அவர்களுக்கு வேலை வைக்காமல், இதோ இருக்கிறாள் என்று எட்டடியில் அச்சடித்து வாசலிலேயே தொங்கவிட்டிருந்தார் இந்த நல்ல மனிதர். அவர் நினைத்ததெல்லாம் சினிமா, விருது, பத்திரிகை. அவள் முனீஸ்வரி, இருபத்தொரு வயது, படத்தில் சின்னப் பெண்ணாக நடித்ததால் சின்னப் பெண்கள் பிரிவில் போட்டிருக்கிறார்கள் என்று அவராக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

காசிமாயன் அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்தான். "மொதலாளி, வயசுப்புள்ள படம். வர்றவன் போறவன் கண்ணெல்லாம் பட்டுரும். கழட்டிருவமே."

"அட, அதுக்கென்னுங்க" என்றார் திருமூர்த்தி. அரை மணி நேரத்தில் பூதம் வரைந்த ஒரு பூசணிக்காயை வாட்ச்மேன் ஃபிளெக்ஸுக்கு அடியில் கட்டித் தொங்கவிட்டான். முன்பு பார்க்காமல் போனவர்களும் இப்போது நின்று பார்த்தார்கள்.

மத்தியானம் அருள்குமார் போன் செய்தான். "காசிண்ணா, ஞாயித்துக்கிழமை கோயமுத்தூர்ல விழா. மூணு பேர்ல ஒருத்தருக்குத்தான் கிடைக்கும். யாருன்னு மேடையிலதான் சொல்லுவாங்க. வயசுக்கு ஆதாரம் கேக்கறாங்க. புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள பாப்பாவோட ஆதாரை அனுப்பிருங்கோ. வரலீன்னா பேரை எடுத்துருவாங்க."

அன்றைக்குக் காசிமாயன் ஒரு வெள்ளைப் பீஸைத் தீய்த்தான். நெஞ்சுக்கு நேராக, அயர்ன் பாக்ஸ் அளவுக்குப் பழுப்புக் கறை. பதினேழு வருஷத்தில் இப்படி ஆனதில்லை. அதைச் சுருட்டி வேஸ்ட் மூட்டைக்குள் அமுக்கிவிட்டு, யாரும் பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தான். வேஸ்ட் மூட்டையில் அமுக்க முடிகிற தப்பாக எல்லாத் தப்பும் இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ரோஸ்மேரி மேடம் கூப்பிட்டனுப்பினாள். கம்பெனியில் ஆள் சேர்ப்பதும், ஃபைல் வைப்பதும், ஆடிட்காரர்களுக்குப் பதில் சொல்வதும் அவள்தான். நாற்பது வயதுக்காரி, அதட்டிப் பேசியே யாரும் பார்த்ததில்லை. அதனாலேயே எல்லோருக்கும் அவளிடம் பயம். மேஜை மேல் ஒரு ஃபைல் திறந்து கிடந்தது.

"உக்காருங்ணா" என்றாள். "நேத்து லீவுல இருந்தேன். இன்னைக்குக் காலைலதான் ஃபிளெக்ஸப் பாத்தேன். ஃபைல்ல இருபத்தொண்ணுன்னு இருக்குது. கேட்டுல பதினெட்டுக்குக் கீழன்னு இருக்குது. நாளன்னைக்கு வர்றவங்க ரெண்டையும் படிப்பாங்க. எது நெசம்னு நான் சொல்லட்டுங்ணா?"

வெளியே யாருக்காவது கேட்டுவிடுமோ என்று காசிமாயன் ஜன்னலைப் பார்த்தான். அதுவே பதிலாகப் போய்விட்டது. ரோஸ்மேரி ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"சரி. கேளுங்க. இயக்குநர் தம்பிகிட்ட வயசு இருபத்தொண்ணுன்னு சொல்லிருங்க. படத்துக்காகச் சின்னப் புள்ளையா நடிச்சா, அவ்வளவுதான். அவங்க பேரை எடுத்துருவாங்க. மொதலாளிகிட்ட நான் பேசி ஃபிளெக்ஸக் கழட்டச் சொல்லறேன், விருது இல்லைன்னு ஆயிட்டா அவரே கழட்டிருவாரு. ஃபைல்ல இருக்கற ஜெராக்ஸ் மங்கலா இருக்குது. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அந்த ஆதார் ஒரிஜினலக் கொண்டுவந்து காட்டுங்க. பாத்தேன்னு சீல் போட்டு வச்சுக்கறேன். உங்களுக்கும் வேலை போகாது, எனக்கும் போகாது."

இத்தனை லேசாக முடியுமா என்று காசிமாயனுக்கு ஆச்சரியமாக இருந்தது. டீக்கடைக்குப் போய் திங்கட்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக ருசி தெரிந்து ஒரு டீ குடித்தான். பாதி டீயில்தான், இதைப் பிள்ளையிடம் யார் சொல்வது என்ற நினைப்பு வந்தது. மீதி டீ உள்ளே இறங்கவில்லை.

சாயங்காலம் லைன் வீட்டுக்கு வந்ததும் சொன்னான். அனுசுயா கொடியில் கிடந்த நீலச் சுடிதாரைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கென்று துவைத்தது. அப்பா அயர்ன் பண்ணித் தருவதாகப் பேச்சு.

"முனீசு, அந்த விருது நமக்கு ஒத்துவராது போல" என்று தொடங்கி, ஆடிட், ஃபிளெக்ஸ், ரோஸ்மேரி மேடம் சொன்ன வழி, எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தான். சத்தம் போடுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தான். எதற்கும் தயாராக இருந்தான்.

"சரிப்பா" என்றாள் அவள். கொடியிலிருந்து சுடிதாரை எடுத்து மடித்தாள். அதே செக்கிங் டேபிள் மடிப்பு. கை மட்டும் வேகமாகப் போயிற்று. அந்தக் கையைக் காசிமாயன் ஏற்கனவே திரையில் பார்த்திருக்கிறான். அன்றைக்கு எழுந்து வெளியே போக முடிந்தது. இது அவன் வீடு, எங்கே போவான்.

மடித்ததைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத்தான் கேட்டாள். "அக்காவுக்குத் தெரியுமா?"

"எது?"

"அவ பேருல நான் வேலை பாக்குறது."

"தெரியாதுத்தா."

"அப்ப எதுக்குக் கார்டுன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"அத நான் பாத்துக்கிறேன்" என்றான் காசிமாயன். சின்னத்தாய் அடுப்படியிலிருந்து அவனை ஒரு பார்வை பார்த்தாள். அன்றைக்கு அவள் சோறு போட்டாளே தவிர, இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்கவில்லை.

புதன்கிழமை காலை காங்கேயம் போய் பஸ் மாறி வெள்ளகோவில் போய்ச் சேரப் பத்தரை ஆகிவிட்டது. வழியெல்லாம் பொய் யோசித்துக்கொண்டு போனான். ரேஷன் கார்டுப் பொய்யை ஏற்கனவே செலவழித்தாயிற்று. பேங்கு என்று சொல்லலாமா, காப்பீட்டு அட்டை என்று சொல்லலாமா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். எதுவும் அளவு சரியாக வரவில்லை.

"வாப்பா. அனு எப்படி இருக்கா?" என்றுதான் முனீஸ்வரி கேட்டாள். அந்தப் பெயரைக் கேட்டதும் அவனுக்குத் திக்கென்றது. அவன் போட்ட சட்டம் தெரியாத ஒரே ஆள் அவள்தான்.

தண்ணீர் குடித்தான். பேரப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டான். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருக்கிறார் என்று தெரிந்ததும் கொஞ்சம் தைரியம் வந்து, "ஒன் ஆதார் ஒரிஜினல் ஒரு நாளைக்கு வேணும்த்தா. பேங்குல கேக்குறாக" என்றான்.

முனீஸ்வரி உள்ளே போய் அட்டையை எடுத்து வந்தாள். கொடுக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மூணு மாசத்துக்கு முந்தி இங்கன நூல் மில்லுல ஆள் எடுக்குறாகன்னு போனேன்ப்பா. இந்த நம்பரத் தட்டிப் பாத்துட்டு, 'நீ ஏற்கனவே நெருப்பெரிச்சல்ல ஒரு பனியன் கம்பெனியில இருக்கியேம்மா'ன்னாக. இல்லைன்னேன். பிஎஃப் எல்லாம் மாசாமாசம் ஏறிக்கிட்டு இருக்கு, பொய் சொல்றியான்னு வெளிய அனுப்பிட்டாக. அவரு பக்கத்துலதேன் நின்னாரு."

காசிமாயன் மடியிலிருந்த பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "மாப்பிள்ள என்ன சொன்னாரு?"

"நாலு நாளு பேசல. அஞ்சாவது நாளு, எனக்குத் தெரியாம உனக்கு அங்கன யாரு பழக்கம்னு கேட்டாரு."

பிள்ளை அவன் சட்டைப் பையில் கையை விட்டுப் பேனாவை இழுத்தது. அவன் தடுக்கவில்லை.

"எனக்கு அப்பவே வெளங்கிருச்சு" என்றாள் முனீஸ்வரி. "அம்மாவுக்கு முடியல, அனு வேலைக்குப் போறா, நீ எங்கிட்டக் கார்டு வாங்குன. கூட்டிப் பாக்க எம்புட்டு நேரம் ஆகும்."

"ஏன்த்தா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா அவள நிப்பாட்டிருவீக. வீட்டுல அடுப்பு எப்படி எரியும்னு பேசாம இருந்தேன். போன மாசம் அவ நடிச்ச படத்த செல்லுல பாத்தேன்ப்பா. எம்புட்டு நல்லா நடிச்சிருக்கா. கடைசில பேரு ஓடுச்சு. எம்பேரு. மாமியா பாத்துட்டு, இது யாருடி உன் பேருலன்னு கேட்டாக. எந்தங்கச்சின்னு சொல்ல வாய் வரல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் காசிமாயன் ஏதாவது ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பான். அட்டையை அவன் முன்னால் வைத்தாள்.

"விருது சேதிய அம்மா நேத்து போன்ல சொன்னுச்சு. எடுத்துட்டுப் போ. பேங்குக்குன்னு பொய் சொல்லாத, அது போதும். ஆனா இதக் காட்டி நீ அங்க சரிக்கட்டிட்டு வந்துட்டன்னா, அப்புறம் நான் என்னத்தக் காட்டி வேலைக்குப் போக? அவ என்னத்தக் காட்டி மேடையில ஏற?"

ஊரை ஏமாற்றுகிறோம், கம்பெனியை ஏமாற்றுகிறோம் என்றுதான் காசிமாயன் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தான். வெளிநாட்டுக்காரனுக்குப் பயந்தான், முதலாளிக்குப் பயந்தான், ரோஸ்மேரிக்குப் பயந்தான். பெற்ற பிள்ளைகளுக்குப் பயப்பட வேண்டும் என்று ஒரு நாளும் அவனுக்குத் தோன்றியதில்லை. வெட்கத்தில் அவனுக்குக் காது சுட்டது. அட்டையை எடுத்தான், பார்த்தான், டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தான். சாப்பிட்டுவிட்டுப் போ என்று அவள் சொன்னது காதில் விழுந்தும் நிற்கவில்லை.

காங்கேயம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஜெராக்ஸ் கடையில் ஒரு வெள்ளைத் தாள் வாங்கினான். பேனா பேரப் பிள்ளையிடமே போய்விட்டிருந்தது. கடைக்காரனிடம் இரவல் வாங்கி, நின்றபடியே எழுதினான். எட்டாவது படித்தவன் எழுத்து. கோணல் மாணலாக வந்தது. என் இளைய மகள் அனுசுயாவை, வயது பதினாறு, என் மூத்த மகள் முனீஸ்வரியின் ஆதார் ஜெராக்ஸைக் கொடுத்து வேலைக்குச் சேர்த்தது நான்தான். இதில் பிள்ளைகள் இருவருக்கும் சம்பந்தம் இல்லை, கம்பெனிக்கும் சம்பந்தம் இல்லை. படத்தில் நடித்தது அனுசுயா. இதுதான் எழுதியது. கையெழுத்துப் போடும்போது இரவல் பேனா கசிந்து, பெயரில் ஒரு எழுத்தின் மேல் மை கொட்டிப்போயிற்று.

வீட்டுக்கு வந்து பெட்டியின் அடியிலிருந்து அனுசுயாவின் ஆதாரை எடுத்தபோது மணி மூன்றரை. அட்டை புதிதாகவே இருந்தது. ஒன்றரை வருஷமாக அதை யாரும் வெளியே எடுக்கவில்லை. சின்னத்தாய் பக்கத்தில் வந்து நின்று கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு, "தலையச் சீவிட்டுப் போ" என்றாள்.

ரோஸ்மேரி கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். அனுசுயாவின் அட்டையை எடுத்துப் பார்த்தாள்.

"இதைக் குடுத்தீங்கன்னா நாளைலிருந்து நீங்க ரெண்டு பேரும் கேட்டுக்குள்ள வர முடியாதுங்ணா."

"தெரியும் மேடம்."

"மொதலாளி சும்மா விடமாட்டாருங்ணா. வேற கம்பெனிக்காரங்களுக்கும் சொல்லிருவாரு."

"தெரியும் மேடம்." உண்மையில் அது அவனுக்குத் தெரியாது. இப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் கையை நீட்டிக் கடிதத்தைத் திரும்பக் கேட்கவில்லை.

"என்னையப் பத்தி ஒண்ணும் எழுதலயே நீங்க."

"நீங்க என்ன செஞ்சீக. ஏமாத்துனது நாந்தேன்."

ரோஸ்மேரி அந்த மங்கலான ஜெராக்ஸை ஃபைலிலிருந்து எடுத்தாள். "வேலைக்குச் சேர வந்த அன்னைக்கு அந்தப் புள்ள இங்கதான் நின்னுச்சு. பேரு என்ன கண்ணுன்னு கேட்டேன். உங்க மூஞ்சியப் பாத்துட்டுத்தான் சொல்லுச்சு. எனக்கு அப்பவே தெரியுங்ணா. ஆள் பத்தல, அதனால கையெழுத்துப் போட்டேன்."

அவள் பேனாவை எடுத்து, கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள். சேர்க்கும்போது சரிபார்க்காமல் விட்டது என் தவறு என்று எழுதியிருந்தது. மூத்தவள் பெயரைப் பிஎஃப் கணக்கிலிருந்து எடுத்துவிட எழுதி அனுப்புகிறேன், கொஞ்ச நாள் ஆகும் என்றாள். பிறகு அவளே கடிதத்தையும் அட்டையையும் படம் பிடித்து அருள்குமாருக்கு அனுப்பினாள். மணி நாலு ஐம்பது.

முதலாளி போட்ட சத்தம் பேக்கிங் செக்‌ஷன் வரை கேட்டது என்று பின்னால் சொன்னார்கள். அவர் இடத்தில் யார் இருந்தாலும் போடத்தான் செய்வார்கள். காசிமாயனும் அனுசுயாவும் அவரவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது வாட்ச்மேன் ஃபிளெக்ஸின் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தான். பூசணிக்காயைக் கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை போல. அது மட்டும் தனியாகத் தொங்கியது.

விருதுக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பது தெரியாமல் மூன்று நாள் போயிற்று. பெயரை மாற்ற விதியில் இடம் இருக்கிறதா என்று உட்கார்ந்து பேசுகிறார்கள் என்றான் அருள்குமார். வெள்ளிக்கிழமை, இன்னும் பேசுகிறார்கள் என்றான். மோசடி செய்த குடும்பத்துக்கு விருதா என்று ஒருவர் கேட்டதாகவும், படத்தில் நடித்தது ஆதார் அட்டையா என்று இன்னொருவர் கேட்டதாகவும் சொன்னான். சனிக்கிழமை சாயங்காலம், "வாங்க. லிஸ்ட்டுல இருக்காளா இல்லையான்னு எனக்கும் சொல்லலீங்ணா. வந்துருங்கோ" என்றான். காசிமாயன் நீலச் சுடிதாரை எடுத்து விரித்து, தண்ணீர் தெளித்து, ஒரு சுருக்கம் இல்லாமல் அயர்ன் பண்ணினான். அடுத்த வாரம் எங்கே அயர்ன் பண்ணப் போகிறோம் என்று தெரியாது. கை மட்டும் தொழிலை மறக்கவில்லை.

கோயமுத்தூர் மண்டபத்தில் வாசலிலேயே ஒரு புத்தகம் கொடுத்தார்கள். முன்பே அச்சடித்தது. பதின்ம வயதுப் பிரிவில் மூன்று பெயர்கள். மூன்றாவது பெயர் முனீஸ்வரி. காசிமாயன் அதை மடக்கிச் சட்டைப் பைக்குள் வைத்தான். அனுசுயா அதற்கு முன்பே படித்துவிட்டிருந்தாள். வரிசையில் சின்னத்தாய், காசிமாயன், அனுசுயா, அவளுக்கு அந்தப் பக்கம் பிள்ளையோடு முனீஸ்வரி. மாப்பிள்ளையும் வந்திருந்தார். பத்து வரிசை பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தாலும், வந்திருந்தார்.

முதலில் சின்னக் குழந்தைகள். ஆறு வயதுப் பையன் ஒருவன் விருதை வாங்கிக்கொண்டு மேடையின் தவறான பக்கமாக ஓட, கூட்டம் சிரித்தது. அனுசுயாவும் சிரித்துக் கை தட்டினாள். காசிமாயனுக்குச் சிரிப்பு வரவில்லை. முனீஸ்வரி என்று கூப்பிட்டால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தான். போகாதே என்று சொல்வதா. போ என்றால், மறுபடியும் அதே பொய்யை இத்தனை பேருக்கு முன்னால் அவள் தலையில் ஏற்றி அனுப்புவதாகுமே. கூப்பிடாமலே விட்டுவிட்டால் திரும்பிப் போகும் பஸ்ஸில் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது. இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் இறுக்கி வைத்துக்கொண்டான்.

பதின்ம வயதுப் பிரிவு வந்தது. விளக்கை அணைத்து மூன்று படங்களிலிருந்தும் துண்டு துண்டாகக் காட்டினார்கள். மூன்றாவதாக அந்த செக்கிங் டேபிள், அந்தக் கை. மண்டபம் சத்தமில்லாமல் இருந்தது. காசிமாயன் இந்தத் தடவை எழுந்து போகவில்லை. விளக்கு வந்தது. மேடையில் இருந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உறையைப் பிரித்தார்.

"அனுசுயா காசிமாயன்" என்று படித்தார்.

கூட்டம் கை தட்டியது. காசிமாயன் திரும்பிப் பார்த்தான். அனுசுயாவும் கை தட்டிக்கொண்டிருந்தாள். ஜெயித்தது யார் பெற்ற பெண்ணோ என்று தெரிந்துகொள்ளக் கழுத்தை நீட்டி முன்வரிசையைப் பார்த்துக்கொண்டே, மரியாதையாக, சிரித்த முகமாகத் தட்டினாள். ஒரு பெண்ணும் எழவில்லை. மேடையில் இருந்தவர் மறுபடியும் அதே பெயரைப் படித்து, வரவில்லையா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

அவள் பெயரை மறக்கச் சொன்னது காசிமாயன். பிள்ளை சொன்னபடி கேட்டிருக்கிறாள். ஒன்றரை வருஷமாக அவன் வாய் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அவள் தோளைத் தொட்டான்.

"அனு" என்றான். "ஒன்னையத்தேன் கூப்புடுறாகத்தா."

தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் திரும்பிப் பார்த்தாள். முனீஸ்வரி பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, தங்கை போவதற்குக் காலை ஒதுக்கி வழிவிட்டாள்.